ஆர்கானிக் சோலார் என்றால் காய்கறி இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேக் மார்க்கெட்டுக்குப் போனால் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாசனையான கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். கூடவே நாலு தமிழ்க் குடும்பமும் கிடைக்கும். கொல்கத்தாவில் இருக்கிற தமிழர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்பதுவரை விசாரித்து முடித்த பிறகு வேலையைப் பற்றிப் பேச்சு வரும். பேங்க், ரயில்வே, ஐ.டி. என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். நான் "ஆர்கானிக் சோலார் செல்லில் ஆராய்ச்சி" என்று சொன்னால் மட்டும் ஒரு சின்ன மௌனம் விழும். ஒரு பெரியவர், "ஓஹோ, ரசாயன உரம் போடாம பண்றதா?" என்று நிஜமாகவே கேட்டார். "இல்ல சார், நாங்க ரசாயனம் மட்டும்தான் போடறோம்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டோடு நகர்ந்துவிட்டேன் :-)

ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பெரியவர் இல்லை. சாத்தூரில் இருக்கும் அக்காவின் பெண். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கியிருக்கிறாள். வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டி. இடம் வந்திருக்கிறது. தலைப்பு, என் தலையெழுத்தேதான்: ஆர்கானிக் சோலார் செல். அதே வாரத்தில் சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலையும் வந்திருக்கிறது. அத்தான் ஃபோனில் சுற்றி வளைக்கவில்லை.

"மாப்ளே, நீ இத்தன வருஷமா அதத்தான பண்ணிக்கிட்டிருக்க? எங்க மாடியில இருக்கறது நீ பண்ணது இல்ல. அப்ப நீ பண்ணது எங்க இருக்கு? அதச் சொல்லு, பிள்ளைய அனுப்பறதா வேண்டாமான்னு பாக்கலாம்."

நியாயமான கேள்வி. பல கமிட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. ஃபோனில் பாதி சொன்னேன், முழுசாக இங்கே.

முதலில் அத்தான் மாடியில் இருப்பதைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்தோடு போட்ட மூன்று கிலோவாட் பலகைகள். அக்காவுக்கு வத்தல் காயப்போடும் இடம் போய்விட்டது, மற்றபடி யாருக்கும் குறையில்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட் சூரிய சக்தி விழுகிறது. பலகையின் திறன் 20 சதவீதம் என்றால் 200 வாட் மின்சாரமாகும். மூன்று கிலோவாட்டுக்கு 15 சதுர மீட்டர் வேண்டும், அதாவது சுமார் 160 சதுர அடி. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அந்தப் பலகை சிலிக்கான். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூன்று பேர் காட்டிய முதல் நல்ல சிலிக்கான் செல்லின் திறன் 6 சதவீதம். மணலிலிருந்து எடுத்து, உருக்கி, சுத்தம் செய்து, மறுபடி உருக்கிப் படிகமாக வளர்த்து, அப்பளம் போல அறுத்து எடுக்க வேண்டும். உருகும் வெப்பநிலை 1414 டிகிரி. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு செலவு! அதனால்தான் ரொம்ப காலத்துக்கு அது விண்கலத்துக்கு மட்டும் கட்டுப்படியாகிற சாமானாக இருந்தது.

பிளாஸ்டிக் கதை 1977-ல் தொடங்குகிறது. ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகாவா மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரில் அயோடின் ஆவியைக் காட்டினால் மின்சாரம் உலோகம் போலப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு 2000-ல் வேதியியல் நோபல். மின்கம்பிக்கு உறையாகப் போடுகிற பிளாஸ்டிக்கே கம்பியாகவும் ஆகலாம், சரியாகச் செய்தால் குறைகடத்தியாகவும் ஆகலாம் என்றால் என்ன அர்த்தம்? அதைக் கரைத்து மை ஆக்கலாம். மையை வைத்து செய்தித்தாள் அடிப்பது போல மின்கலம் அடிக்கலாம். சுருட்டி எடுத்துப்போய்க் கூரையில் விரிக்கலாம். 1414 டிகிரி உலை வேண்டாம். நான் 2007-ல் ஹௌராவில் வந்து இறங்கியபோது இந்தக் கனவுதான் எங்கள் எல்லோர் கண்ணிலும் இருந்தது.

கனவில் சிக்கல் எங்கே என்றால், அடிப்படை இயற்பியலில். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கஷ்டம் ஒன்றும் இல்லை.

வெளிச்சம் பட்டதும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழுந்துகொள்கிறது. அது விட்டுப்போன காலி இடத்துக்குத் துளை என்று பெயர். எலக்ட்ரானை ஒரு வாசல் வழியாகவும் துளையை எதிர் வாசல் வழியாகவும் வெளியே கொண்டுவந்தால் மின்சாரம். சிலிக்கானில் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஈர்ப்பு ரொம்ப லேசு. அறையில் இருக்கிற சாதாரண வெப்பமே பிரித்துவிடும். பிளாஸ்டிக்கில் அப்படி இல்லை. தேரோட்டக் கூட்டத்தில் அம்மா கையைப் பிடித்த குழந்தை போல இரண்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த ஜோடிக்கு எக்ஸிட்டான் என்று பெயர். எண்ணில் சொன்னால், அறை வெப்பம் தருகிற ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட். ஜோடியைப் பிரிக்க வேண்டியது பொதுவாக 0.3-லிருந்து 0.5 வரை. காரணம் மின்காப்பு மாறிலி என்ற ஒன்று: சிலிக்கானுக்கு 11.7, நம் பிளாஸ்டிக்குகளுக்கு 3 அல்லது 4. அது குறைவாக இருந்தால் இரண்டு மின்னூட்டங்களும் ஒன்றையொன்று நன்றாக உணரும்.

1986-ல் கோடாக் கம்பெனியில் சிங் டாங் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரே பொருளை வைக்காமல், எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிற ஒரு பொருள், வாங்க விரும்புகிற இன்னொரு பொருள் என்று இரண்டு அடுக்கு. ஜோடி அந்த எல்லைக்கு வந்தால் அங்கே பிரிந்துவிடும். திறன் சுமார் 1 சதவீதம். இன்று படிக்கச் சிரிப்பாக இருக்கும், அன்றைக்கு அது பெரிய தாவல்.

ஆனால் அந்த ஜோடியால் நடக்க முடிகிற தூரம் சுமார் 10 நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் எல்லை வராவிட்டால் திரும்பச் சேர்ந்து, வெளிச்சமாகவோ சூடாகவோ வீணாகிவிடும். வெளிச்சத்தை முழுசாக உறிஞ்ச வேண்டுமானால் படலம் 100 நானோமீட்டராவது இருக்க வேண்டும். மெல்லிசாகப் போட்டால் வெளிச்சம் பிடிபடாது. தடிப்பாகப் போட்டால் ஜோடி எல்லைக்கு வந்து சேராது.

1990-களில் இதற்கு வந்த தீர்வைக் குழாய்ப் புட்டு வைத்துச் சொல்வேன். டாங் செய்தது மாவு ஓர் அடுக்கு, தேங்காய் ஓர் அடுக்கு. ஹீகர் குழுவும் கேம்பிரிட்ஜில் ஃப்ரெண்ட் குழுவும் 1995-ல் செய்தது மாவையும் தேங்காயையும் முதலிலேயே பிசைந்து குழாயில் போட்டது. எங்கே பார்த்தாலும் பக்கத்திலேயே ஓர் எல்லை. பிசைவது மட்டும் போதாது. மாவெல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு குழாயின் ஒரு முனைவரை போக வேண்டும், தேங்காயெல்லாம் தொட்டுக்கொண்டு மறுமுனைவரை போக வேண்டும். நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட தேங்காய்த் துண்டுக்கு வந்து சேர்ந்த எலக்ட்ரான், ரயில் போகாத ஊருக்கு மாற்றலான குமாஸ்தா மாதிரி. வெளியே வர வழியில்லை.

இங்கேதான் எங்கள் வேலை அறிவியலில் பாதியும் சமையலில் பாதியும் ஆகிவிடுகிறது. 2005-ல் பெரிய புள்ளியாக இருந்த கலவை, பி3ஹெச்டி என்ற பாலிமரும் பிசிபிஎம் என்ற கார்பன் பந்து மூலக்கூறும். ஹீகர் குழு அதை 150 டிகிரியில் அரை மணி நேரம் சுட வைத்து 5 சதவீதம் எடுத்தது. கலிஃபோர்னியாவிலேயே யாங் யாங் குழு, சூட்டைவிட படலத்தை மெதுவாகக் காயவிடுவதை நம்பி 4 சதவீதத்தைத் தாண்டியது. எல்லாம் பதம். மைசூர்பாகு கிளறியவர்களுக்குப் புரியும்: ஒரு நிமிஷம் முன்னால் இறக்கினால் அல்வா, ஒரு நிமிஷம் பின்னால் இறக்கினால் செங்கல். சூடு போதாவிட்டால் பாலிமர் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்காது. அதிகமானால் கார்பன் பந்துகள் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊசி ஊசியாகத் தெரியும். நாள்பூரா உழைத்த செல் காலி.

அதைவிட மோசம், இறக்கிய பிறகும் பதம் நிற்காது. சாத்தூர் மொட்டைமாடியில் வெயில் பட்ட பலகை 60 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் மெதுவாக நகர்ந்து தங்கள் ஆட்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பிசைந்த புட்டு தானாகவே மாவு வேறு தேங்காய் வேறாகப் பிரிகிற மாதிரி. சிலிக்கான் படிகம் இப்படியெல்லாம் மனம் மாறாது.

இதைப் பார்க்க எங்களுக்கு உதவுகிற கருவிகளில் ஒன்று ராமன் நிறமாலைமானி. பாலிமர் சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன என்று அது சொல்லும். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்து, ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த சி.வி. ராமன், 1928-ல் கண்டுபிடித்தது அது. அதே ஊரில் உட்கார்ந்து அதே விளைவை வைத்துப் பிளாஸ்டிக்கைப் பார்க்கிறோம் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சரி, திறன் எங்கே போய் நிற்கிறது? 2010-களின் ஆரம்பத்தில் 10 சதவீதம். அதற்கப்புறம் கார்பன் பந்தை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியவில்லை. அது எலக்ட்ரானை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் வெளிச்சத்தைப் பெரிதாக உறிஞ்சாது. ஆயத்த வேலையெல்லாம் பாலிமர் தலையில். போதாததற்கு எல்லையில் ஜோடியைப் பிரிக்கும்போது நிறைய வோல்டேஜும் வீணாகும். 2015-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஜான் ஷியாவ்வெய் குழு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐடிக் என்ற தட்டையான மூலக்கூறைக் கொண்டுவந்தது. 2019-ல் சீனாவின் சென்ட்ரல் சவுத் பல்கலைக்கழகத்தில் ஸோ யிங்பிங் குழு ஒய்6 என்ற மூலக்கூறைக் கொண்டுவந்து 15.7 சதவீதம் காட்டியது. அந்தக் கட்டுரை வெளியான வாரம் எங்கள் லேபில் ஒருவரும் வேலை செய்யவில்லை, அதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தையும் அது பிடிக்கிறது, ஜோடியைப் பிரிக்க முன்னளவு வோல்டேஜைப் பலி கொடுக்கவும் வேண்டியதில்லை. இன்று உலகத்தில் நல்ல லேப்களில் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள்.

அப்படியானால் அத்தான் பலகையும் 20, நம்முடையதும் 20. பிறகென்ன?

பிறகுதான் எல்லாம். நம்முடைய அந்த 20 சதவீத செல்லின் அளவு பெரும்பாலும் சில சதுர மில்லிமீட்டர். ஓர் உளுந்தம்பருப்பு. ஒரு சொட்டு மையைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் சுழற்றி, நடுவில் நன்றாக வந்த இடத்தை அளக்கிறோம். அதை ஒரு மீட்டர் அகலத்துக்கு, ஓடிக்கொண்டிருக்கிற தாளில், ஓட்டையில்லாமல், 100 நானோமீட்டர் தடிப்பில் பூச வேண்டும். ஒரு தூசி உட்கார்ந்தால் அங்கே மேல் மின்முனையும் கீழ் மின்முனையும் தொட்டுக்கொள்ளும். லேபில் நாங்கள் பயன்படுத்தும் குளோரோஃபார்ம், குளோரோபென்சீன் போன்ற கரைப்பான்களை ஒரு தொழிற்சாலையில் டன் கணக்கில் ஆவியாக்க எந்த அரசும் விடாது, விடவும் கூடாது. கரைப்பானை மாற்றினால் பதம் மாறும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பொருளின் சுத்தமும் ஒரு தலைவலி. சிலிக்கான் ஒரே தனிமம். எத்தனை ஒன்பது வேண்டுமோ அத்தனை ஒன்பதுக்குச் சுத்தம் செய்யத் தெரியும். பாலிமர் என்பது நீளம் நீளமான சங்கிலிகளின் கும்பல், இரண்டு சங்கிலி ஒரே நீளம் இருக்காது. இந்த மாதம் தருவித்த புட்டியில் 12 சதவீதம் கொடுத்த பொருள், அதே பெயர் ஒட்டி ஆறு மாதம் கழித்து வந்த புட்டியில் 8 கொடுக்கும். விற்கிற கம்பெனிக்கு எழுதினால், "எங்கள் சோதனையில் சரியாக இருக்கிறது" என்று ஒரு வரி பதில் வரும். ஒரு கிராம் விலையைச் சொன்னால் தங்கம் வாங்குகிறவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

இப்போது கொல்கத்தாவின் ஈரம். ஜூலையில் இங்கே சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும், அப்பளம் பொரித்து அஞ்சு நிமிஷத்தில் நமுத்துப்போகும். எங்கள் செல்லும் அந்த அப்பளம் மாதிரிதான். அதற்குள் இருக்கிற ஓர் அடுக்கு இயல்பிலேயே ஈரத்தை இழுக்கிற அமிலம். ஈரம் பட்டால் பக்கத்தில் இருக்கிற இண்டியம் டின் ஆக்சைடு மின்முனையை அரிக்கும். மேல் மின்முனை கால்சியம் என்றால் காற்றில் நிமிஷத்தில் போய்விடும். ஆக்சிஜனும் வெளிச்சமும் சேர்ந்தால் பாலிமரின் நிறமே வெளுக்கும். அதனால் எல்லாவற்றையும் நைட்ரஜன் நிரம்பிய ஒரு பெட்டிக்குள் செய்கிறோம். பெட்டியின் சுவரில் ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும், அதில் கையை விட்டு வேலை. உள்ளே ஆக்சிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் மாலை நேரம் கால்பைசாகி புயல் வரும். கரெண்ட் ஒரு விநாடி போய் வந்தாலே போதும், வெற்றிட பம்ப் நின்று உள்ளே இருக்கிற பன்னிரண்டு செல்லும் போச்சு. அன்றைக்கு மாணவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. என் சீனியர் ஒருவர் அப்படியான நாளில் ஒன்றும் பேசாமல் எல்லோரையும் கூட்டிப்போய் மண்சட்டியில் ரசகுல்லா வாங்கிக் கொடுப்பார். அந்த வழக்கத்தை நானும் விடவில்லை.

வெளியே வைக்கும்போது பெட்டி இல்லை, மேலே ஓர் உறைதான். சாதாரண பாலியெஸ்டர் தாள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சில கிராம் நீராவியை உள்ளே விடும். நமக்கு வேண்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அப்படிப்பட்ட தாள் இருக்கிறது, விலையும் இருக்கிறது. கண்ணாடி போட்டு மூடலாம், ஆனால் அப்போது சுருட்ட முடியாது, லேசாகவும் இருக்காது. பிறகு எதற்குப் பிளாஸ்டிக்?

சிலிக்கான் பலகைக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள். சந்தைக்கு வருவதற்கு முன் 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரம், 1000 மணி நேரம் என்று ஒரு சோதனை உண்டு. ஆர்கானிக் செல்களின் ஆயுளை ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று உலக ஆய்வாளர்கள் கூடி விதிமுறை எழுதியதே 2011-ல்தான். அதுவரை ஒருவர் இருட்டில் வைத்து ஆயுளைச் சொல்வார், இன்னொருவர் வெயிலில் வைத்துச் சொல்வார். ஒப்பிடவே முடியாது. இதில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு: புதுத் திறன் எண்ணை வைத்துக் கட்டுரை போடுவது சுலபம், ஆயுளை அளப்பது கஷ்டம். பிஎச்.டி. ஐந்து வருஷம். 25 வருஷம் நிற்க வேண்டிய பொருளை ஐந்து வருஷத்தில் போய்விடுகிற பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறோம். ஒருவர் வெயிலில் வைத்துவிட்டுப் போன செல்லை அடுத்து வந்தவர் அளப்பதில்லை. அவருக்கு அவர் கட்டுரை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி வெளியிலிருந்து வந்தது. 2008-ல் சோலாருக்கான சிலிக்கான் தட்டுப்பாடு. கிலோ 400 டாலர்வரை போனது. பிளாஸ்டிக் ஆட்களுக்கு அதுதான் பொற்காலம், பணம் கொட்டியது. பிறகு சீனாவில் தொழிற்சாலைகள் பெருகி 2012-ல் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. 1970-களின் கடைசியில் வாட்டுக்கு எழுபது டாலருக்கு மேல் இருந்த சிலிக்கான் பலகை இன்று அரை டாலர்கூட இல்லை. "நாங்கள் மலிவு" என்பதுதான் எங்கள் ஒரே துருப்புச்சீட்டு. அதை எதிராளி பிடுங்கிக்கொண்டான். ஹீகரையும் சேர்த்து 2001-ல் தொடங்கிய கொனார்கா கம்பெனி, மாசசூசெட்ஸில் போலராய்டு கம்பெனியின் பழைய ஆலையில் 2008-ல் பிளாஸ்டிக் செல் அச்சடிக்க ஆரம்பித்தது. 2012-ல் திவால். அந்தச் செய்தி வந்த அன்று லேபில் ஒரு மரண வீட்டு அமைதி.

அத்தான் மாடிக் கணக்குக்கு வருவோம். நம் படலத்தை இனாமாகவே கொடுத்தாலும் திறன் 5 சதவீதம் என்றால் 15 சதுர மீட்டருக்குப் பதில் 60 வேண்டும். 640 சதுர அடி. மாடியே போய்விடும், வத்தல் மட்டும் இல்லை, துணி உலர்த்தவும் இடமிருக்காது. கம்பி, சட்டம், ஆள்கூலி எல்லாம் நான்கு மடங்கு. ஆகவே மாடியில் சிலிக்கானோடு நேருக்கு நேர் மோதி ஜெயிப்போம் என்று நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

அப்படியானால் நாங்கள் பண்ணது எங்கே இருக்கிறது? அத்தான் சட்டைப்பையில் இருக்கிறது. 1986-ல் இரண்டு அடுக்கு சோலார் செல் செய்த அதே சிங் டாங், 1987-ல் வான்ஸ்லைக் என்பவரோடு சேர்ந்து அதைத் திருப்பிப் போட்டார்: மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம். அதுதான் ஓஎல்இடி. இன்று நல்ல ஃபோன்களின் திரை அதுதான், அத்தான் பையில் இருப்பதும் அந்த ரகம். ஒரே குடும்பத்துப் பொருள், ஒரே இயற்பியல். அது ஜெயித்து இது தடுமாறுவதன் காரணம் எளிது. ஃபோன் நாலு வருஷம் உழைத்தால் போதும், கண்ணாடிக்குள் மூடி, வெயில் படாமல் பையில் கிடக்கும், அழகுக்குக் காசு கொடுக்க ஆளும் இருக்கிறது. சோலார் செல்லுக்குப் பிறந்ததிலிருந்து வெயிலில் நிற்பதுதான் வேலை, யூனிட்டுக்குச் சில ரூபாய் வருமானம்.

சோலாருக்கு மிச்சமிருக்கிற இடங்களும் உண்டு. கனமான பலகையைத் தாங்காத தகரக் கூரை. பயிருக்கு வேண்டிய நிற வெளிச்சத்தை விட்டுவிட்டு மற்றதைப் பிடிக்கும் பசுமைக்குடில். வீட்டுக்குள் எல்இடி விளக்கு வெளிச்சத்தில் ஓடுகிற சின்ன உணரிகள்; அந்த வெளிச்சத்தில் ஆர்கானிக் செல் சிலிக்கானைவிட நன்றாகவே வேலை செய்கிறது, ஈரமும் வெயிலும் அங்கே இல்லை. ஜெர்மனியில் ட்ரெஸ்டனில் ஹெலியாடெக் என்ற கம்பெனி கரைப்பானே இல்லாமல், வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படலம் செய்யும் வழியில் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பங்காளி பெரோவ்ஸ்கைட் வேறு: 2009-ல் 3.8 சதவீதத்தில் ஆரம்பித்து 25-ஐத் தாண்டிவிட்டது. அதிலும் ஈரம், ஆயுள், அதோடு ஈயம் என்று தொல்லைகள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் போகவில்லை. பிடிவாதம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அக்கா பெண்ணிடம் தனியாகப் பேசினேன். சேர் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேருவதற்கு முன் அந்தப் பேராசிரியரிடம் சில விஷயம் கேட்கச் சொன்னேன். நைட்ரஜன் பெட்டி ஓடுகிறதா, போன வருஷம் எத்தனை மாதம் ஓடியது? பழைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? திறனை 0.2 கூட்டுவது இல்லாமல், செல் ஏன் சாகிறது என்பதையே ஆய்வாக எடுத்துக்கொள்ள விடுவாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். படலம் போடுவது, வெற்றிடம், ராமன், எக்ஸ்-ரே, எங்கே எது எப்படிக் கெட்டது என்று துப்பறிவது, இதெல்லாம் கைக்கு வந்துவிட்டால் திரைத் தொழிற்சாலைக்கும் போகலாம், சிப் தொழிற்சாலைக்கும் போகலாம். 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்க்கு செமிகண்டக்டர் திட்டம் ஒப்புதல் கொடுத்த பிறகு பொருள் தெரிந்த ஆட்களைத் தேடுகிறார்கள். ஒரு மூலக்கூறின் பெயரை மட்டும் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் கஷ்டம்.

அவள் கேட்டிருக்கிறாள். பெட்டி போன வருஷம் ஒன்பது மாதம் ஓடியதாம், பரவாயில்லை. பழைய மாணவர்களில் ஒருவர் கொரியாவில் திரைக் கம்பெனியில், ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒருவர் யூ.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார். மூன்றாவது கேள்விக்குப் பேராசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கட்டுரை மெதுவாகத்தான் வரும், உனக்குப் பரவாயில்லையா?" என்று திருப்பிக் கேட்டாராம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது.

மாதம் 37,000 உதவித்தொகை என்றதும் அத்தான் மருந்துக் கம்பெனிச் சம்பளத்தோடு ஒரு தாளில் ஐந்து வருஷக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் எனக்கும் அனுப்பினார். வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. கீழே ஒரு வரி: "இவ்வளவையும் விட்டுட்டுப் போறேங்கிறா."

ஆகஸ்ட் முதல் வாரம் சேர வேண்டும். ஹாஸ்டலில் அறை கிடைத்துவிட்டதாம். அங்கே தினமும் ரொட்டிதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அக்கா இப்போதே புளிக்காய்ச்சல் கிளற ஆரம்பித்துவிட்டாள்.